வெர்ஜில் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வெர்ஜிலுக்கு எட்டு மாதம் பிடித்தது. வடதுருவத்தை ஒட்டிய பனிப்பிரதேசத்தில், கொயுகுக் ஆற்றங்கரையிலிருந்த அந்தச் சின்ன ஊரில் அதற்குள் ஒரு கல்யாணமும் இரண்டு பிரசவமும் நடந்து முடிந்திருந்தன. காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் உயிரைக் காக்கும் துப்பாக்கி கையடக்கமாக இருக்க வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது, நம்பகமாகச் சுட வேண்டும் என்று கடை வாசலில் நின்று அவன் ஆற்றிய உரைகளுக்குத் தப்பிய காது ஊரில் இல்லை. கடைசியில் விமானத்தில் வந்து இறங்கியது, இரண்டாக மடிந்து தோள்பைக்குள் அடங்கும் ஒரு பளபளப்பு.

"எட்டு மாசமா? உங்க அண்ணனையே நான் ரெண்டு வாரத்துல தேர்ந்தெடுத்துட்டேன்" என்றாள் அண்ணி தெல்மா.

"அதான் தெரியுதே அண்ணி."

அதோடு விட்டானா? கட்டையில் ஒட்டுநாடா சுற்றிய அவளுடைய பழைய ஒற்றைக்குண்டுத் துப்பாக்கி அடுப்பெரிக்கத்தான் லாயக்கு என்றும் சொல்லிவைத்தான்.

ஜனவரியில், காட்டில் விலங்குகளுக்கு வைத்த பொறிகளைப் பார்க்கப் பனிவண்டியில் கிளம்பினான். பனிக்கடியில், ஆற்றின் உறைபரப்பின் மேல் தண்ணீர் ஏறி நின்றது தெரியவில்லை. பனிவண்டி இருக்கைவரை இறங்கி அங்கேயே உறைந்தது. சாப்பாட்டு மூட்டையும் அதோடு போனது. முழங்கால்வரை நனைந்தவன், முதுகில் துப்பாக்கியோடு தெல்மாவின் காட்டுக் குடிசைக்கு நடந்தான். அங்கே யாரும் பூட்டுப் போடுவதில்லை. அடுப்பில் சுள்ளி அடுக்கித் தயாராக இருந்தது. தேயிலையும் உப்பும் இருந்தன. தின்ன ஒன்றுமில்லை. ஊரிலிருந்து யாராவது தேடி வர நாலைந்து நாளாகும்.

கடுங்குளிரில் துப்பாக்கியை வெளியிலேயே தொங்கவிட வேண்டும். உள்ளே கொண்டுபோனால் வேர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரம் உறைந்துவிடும். இதைக் குறைந்தது ஐம்பது பேருக்கு வெர்ஜிலே போதித்திருக்கிறான். ஆனால் ஒரு கீறல் விழாத அந்தப் பொருளை ஆணியில் மாட்ட மனசு வரவில்லை. உள்ளே கொண்டுவந்து பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டான்.

காலையில் பத்தடி தூரத்துக் கிளையில் ஒரு காட்டுக்கோழி. விசையை இழுத்தான். 'டிக்' என்றது. அவனுடைய உரையை முழுதாகக் கேட்டது போலக் கோழி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது.

காயவைக்கலாம் என்று பிரித்தான். அரிசிமணி அளவுள்ள ஒரு சுருள்வில் துள்ளி, தரைப்பலகை இடுக்கில் மறைந்தது. அன்று முழுக்கப் பலகையைப் பெயர்த்தும் கிடைக்கவில்லை. வயிறு முதலில் கத்தியது, பிறகு கத்தவும் தெம்பில்லாமல் அடங்கியது.

மூன்றாம் நாள், வந்த நேரத்திலிருந்து பார்க்காதது போல் நடித்த ஒன்றை நிமிர்ந்து பார்த்தான். வெளிச்சுவரில், இறவாரத்துக்கடியில், ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு அது தொங்கியது. உள்ளே காப்பி டப்பாவில் பத்தொன்பது குண்டுகள் இருந்தன. முதல் குண்டுக்கே ஒரு முயல் விழுந்தது. முயலுக்கு நன்றி சொன்னான், அது வழக்கம். துப்பாக்கிக்கும் சொன்னான், அது வழக்கமில்லை.

ஐந்தாம் நாள் தெல்மா வந்தாள். ஆற்றில் உறைந்து நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு வந்தவள் முகத்தில் ரத்தமில்லை. அவனைக் கண்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வந்த பிறகு புதுத் துப்பாக்கியை விசாரித்தாள்.

"மடிஞ்சு கெடக்கு அண்ணி."

பெயர்த்த பலகைகளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"உங்களுதுதான் என்னைக் காப்பாத்துச்சு" என்றான். "ஏழு குண்டு செலவாயிடுச்சு."

"நீ செலவாகலையே தம்பி. அது போதும்."

வெர்ஜில், கொதித்துக்கொண்டிருந்த முயல்கறிச் சட்டியைக் கிளறி, நல்ல பின்னங்காலாகப் பார்த்து எடுத்து அண்ணியின் கிண்ணத்தில் போட்டான்.