சீர் ஏற்றிப் போன வேன்

“மதி, டிரையல் பாக்கப் போனேம்மா. வண்டி லேசா இடிச்சிகிச்சி” என்று கங்காதரன் போனில் சொன்னபோது, நான் மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்குகளின் ‘லேசா’ எனக்கு நன்றாகத் தெரியும். லேசாக ஆயில் கசியுது என்றால் இன்ஜினை இறக்கப்போகிறார்கள். லேசாகச் செலவாகும் என்றால் அடகுக் கடைக்குப் போக வேண்டும். வண்டி தானாகவே போய் இடித்துக்கொண்ட மாதிரி சொன்னான் பாருங்கள், அதுதான் முதலில் எரிந்தது. முன்பெல்லாம் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். இப்போது வாய் வரவில்லை.

இடித்துக்கொண்டது என்னுடைய ஸ்கூல் வேன். அயனம்பாக்கத்தில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றி, அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பேன். ஆரம்பத்தில், பொம்பளை ஓட்டுகிற வண்டியில் பிள்ளையை அனுப்புவதா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அதே ஆட்கள், வதனி வண்டியில் இடம் இருக்கிறதா என்று ஏப்ரல் மாதமே சொல்லிவைக்கிறார்கள். வீட்டில் மதி என்றாலும், பெற்றோர்களுக்கு நான் வதனிதான். இத்தனை வருஷத்தில் அந்த வேனில் ஒரு கீறல் கிடையாது. எனக்கென்று நான் சம்பாதித்து வைத்திருப்பது அந்த ஒரு பெயர்தான்.

பிரேக் வேலைக்காகச் சனிக்கிழமை வானகரத்தில் கங்காதரன் கடையில் விட்டிருந்தேன். அவன் என் கணவர் டில்லிபாபுவோடு ஒன்றாகப் படித்தவன். மச்சான், மாமே என்று இரண்டு பேரும் கழுத்தில் கை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். அதனால் வேறு கடைக்கு வண்டியை விட்டதே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் நானும் என் கணவரும் பைக்கில் போய் இறங்கியபோது வேனைக் கயிறு கட்டி இழுத்துவந்து கடை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். முன் கண்ணாடி நொறுங்கித் தொங்கியது. ஒரு பக்க விளக்கைக் காணவில்லை. மூஞ்சி மொத்தமாக உள்ளே போயிருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் தள்ளினேன். பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்கு அடியில் மஞ்சள் பூசிய தேங்காய் ஒன்று உருண்டு கிடந்தது. நசுங்கிய வாழைப்பழம், உடைந்த சிவப்புக் கண்ணாடி வளையல், அறுந்த ஜாதிமல்லிச் சரம்.

“டிரையல் பாக்கறதுக்குத் தேங்கா இன்னாத்துக்குண்ணே?” என்று கேட்டேன்.

கங்காதரன் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தான். புது வேட்டியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது.

“தங்கச்சி பொண்ணுக்கு இன்னிக்கி மஞ்சத் தண்ணி மச்சான். தாய்மாமன் சீரு நான்தான எடுத்துகினு போவணும்? சொல்லி வச்ச வண்டி கடைசி நேரத்துல வர்ல. நாலரைக்கு ராவு காலம். ராவு காலத்துல சீரு போய் எறங்குனா, நாளைக்கு அந்தக் கொயந்தைக்கு இன்னா ஆனாலும் என் தலையிலதான் வுடியும். அதான்...”

“பிரேக் வேல முடிஞ்சிதா?”

“ஷூ மாத்திட்டேன். காத்து மட்டும் எடுக்கல. கிட்டக்கதான, மெதுவா உருட்டிகினு போயிடலாம்னு பாத்தேன்.”

பிரேக் குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இதை அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ராகு காலத்துக்குப் பயந்து, பிரேக் இல்லாத வண்டியில் ஏறிப் போயிருக்கிறான் மகராசன்.

“எதுல இடிச்சீங்க?”

அவன் குரல் இறங்கியது. “ஏரிக்கரை வளைவுல. வேர்க்கடல விக்கும்ல, பூங்காவனம்னு ஒரு அம்மா... கால்ல அடி. ஆஸ்பத்திரில சேத்தாச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல.”

தினமும் அந்த வளைவில் ஹார்ன் அடிக்காமல் மெதுவாகத் திரும்புவேன். அந்த அம்மா பிள்ளைகளுக்குக் கை ஆட்டும்.

அதற்குப் பிறகுதான் கங்காதரன் விஷயத்துக்கு வந்தான். அவனுடைய லைசென்ஸ் காலாவதியாகி எத்தனையோ காலம் ஆகிறது. அவன் ஓட்டியதாகப் பதிவானால் இன்சூரன்சில் வண்டிக்குச் சல்லிக்காசு வராது. “நீ ஓட்னேன்னு ஒரு வார்த்த சொல்லு மதி. ஒன்னாண்ட லைசென்ஸ் பேட்ஜ் எல்லாம் பக்காவா கீது. வண்டிக்கும் வரும், அந்தம்மா காலுக்கும் வரும். யாருக்கும் நஷ்டம் இல்ல. செவ்வாக்கெயம ஸ்டேசன்ல கூப்ட்டுகிறாங்க, வந்து ஒரே வார்த்த.”

யாருக்கும் நஷ்டம் இல்லையாம். நான் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். “அவன் சொல்றதும் ஒரு வகையில சரிதான மதி? கேஸுன்னு ஆச்சுன்னா கடைய மூடிடுவான். ரெண்டு பொட்டப் புள்ளைங்க வச்சிகிறான்.”

“எனக்கு இருவது புள்ளைங்க கீதுங்க. அதுங்க அம்மாங்களுக்கு இன்னா பதில் சொல்றது? ஆள இடிச்சவ ஓட்டுற வண்டியில எவ புள்ளைய ஏத்துவா?”

“நாள் போனா மறந்துடுவாங்க.”

“நீங்க மறந்துடுவீங்களா?” என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை. நட்பு என்று வந்தால் மட்டும் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிடுவார்.

சாப்பிட உட்காரும்போது பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். மஞ்சள் வேன், பெயர் எழுதிய வேன், ஊருக்கே தெரிந்த வேன். நொறுங்கிய மூஞ்சியோடு அது ஏரிக்கரையில் நின்றதை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே, என் வண்டியில் வருகிற கிருஷ்ணப்பிரியாவின் அம்மா கேட்டிருந்தாள்: ‘வதனி அக்கா, நீங்களா இடிச்சீங்க? மெக்கானிக் கடைக்காரர் அப்படித்தான் சொல்றாராமே?’

நான் ஒத்துக்கொள்வதற்கு முன்பே அவன் ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத நாலைந்து தடவை விரலை வைத்தேன். நான் இல்லை என்று எழுதினால், செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் சொல்லப்போவது என்ன? அந்தம்மாவின் காலுக்கு என்ன வழி? ஒன்றும் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம், யாருக்கோ நடந்தது போல விசாரித்தேன். அவர் விவரமான ஆள், புரிந்துகொண்டார். “அடிபட்டவங்களுக்கு கோர்ட் மூலமா எப்படியும் கிடைக்கும்மா, ஆனா லேட்டாகும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தா, கம்பெனி அந்தம்மாவுக்குக் குடுத்துட்டு ஓனர்கிட்ட திருப்பிக் கேட்கலாம். ஓட்டினவர்னு உங்க பேரைச் சொல்லிட்டா சுலபம். எது வசதின்னு நீங்களே பாத்துக்கங்க” என்றார். பொய் சொன்னால் எல்லாம் சுலபம், உண்மை சொன்னால் என் தலையிலேயே விழும். நல்ல நியாயம்.

ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூங்காவனம் அம்மாவின் தொடையிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, எழுந்து உட்காரப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

“வா கண்ணு. புள்ளைங்கள இன்னிக்கி யாரு இட்டுகினு போனா?”

“வேற வண்டிம்மா” என்றேன்.

சுற்றிலும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மெக்கானிக் கடை ஆளு ஒர்த்தரு நேத்து ராத்திரி வந்தாரு. நீதான் ஓட்னன்னு சொல்லச் சொன்னாரு.”

“நீங்க பாத்தீங்களாம்மா, யாரு ஓட்னதுன்னு?”

“பாக்காம? வெள்ள வேட்டி கட்னவன் எறங்குனான். நான் கீய கெடந்து கத்திகினு கீறேன். அவன் இன்னா பண்ணான் தெரியுமா, தட்டு தட்டா எறக்கி, பின்னால வந்த ஆட்டோல ஏத்தி, போங்க போங்க நேரமாவுதுன்னு அத்த அனுப்பிட்டுத்தான் என்னாண்ட வந்தான்.” கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டாள். “ஆனா நீன்னு சொல்லச் சொன்னா சொல்றேன் கண்ணு. எனக்குக் காலு ஆவணும். நின்னாதான் யாவாரம். ஒனக்கு சம்மதமான்னு மட்டும் சொல்லு.”

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கட்டிலில் காலைக் கட்டிப் போட்டிருக்கிற அந்த அம்மாதான் கேட்டாள். சம்மதம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது, சத்தியமாக. வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை ஓரமாக நின்று அழுதேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் கங்காதரன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயது, பொறுமையான மனிதர். “வண்டி யாரு ஓட்டினது?” என்று கேட்டதுமே கங்காதரன் எழுந்தான்.

“இவங்கதான் சார். கடைல வண்டிய எடுத்துகினு அவங்களேதான் பொறப்பட்டாங்க. பாவம், பொம்பள, கை தவறிப்போச்சு. ஒத்துக்கறாங்க சார்.”

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அந்தப் ‘பாவம், பொம்பள’ காதில் விழுந்ததும் அதுவரை போட்டுவைத்த கணக்கெல்லாம் போய்விட்டது. கம்பெனி என்னிடம் திருப்பிக் கேட்கட்டும், வேனை விற்றாவது கட்டுகிறேன்.

“நான் ஓட்டல சார். வண்டி இவர் கடையில ரிப்பேர்ல இருந்துச்சு. இவர்தான் சீர் கொண்டுபோக எடுத்தாரு. எனக்கு நஷ்டஈடு இவர்தான் கொடுக்கணும். அந்த அம்மாவுக்கும் இவர்தான் பதில் சொல்லணும்.”

“பொய் சொல்லாத மதி!” கங்காதரன் மேசையைத் தட்டினான். அவனுடைய பொய்யை அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று நினைக்கிறேன். “மச்சான், நீயே சொல்றா. ஒம் பொண்டாட்டிதான ஓட்னா? சொல்லு!”

சப்-இன்ஸ்பெக்டர் என் கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் இல்லை என்று சொன்னால் எனக்குப் போதும். ஆமாம் என்று சொல்லிவிட்டால், அந்த மனிதரோடு அதே வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது என்றுதான் யோசித்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடித் திறந்து மேசைமேல் வைத்தார்.

கங்காதரனின் தங்கச்சி போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ‘தாய்மாமன் சீர் புறப்பட்டாச்சு’ என்று பூ, இதயம் எல்லாம் போட்டிருந்தாள். என் மஞ்சள் வேன், பின்னால் வரிசையாகத் தாம்பாளங்கள். ஓட்டுகிற இடத்தில் தலைப்பாகையும் சந்தனமுமாக, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தபடி கங்காதரன்.

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “அத்த அன்னிக்கே அழிக்கச் சொல்லிட்டனே” என்றான், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

சப்-இன்ஸ்பெக்டர் அதைத் தனக்கு அனுப்பச் சொன்னார். கங்காதரன் பெயரில் வழக்குப் பதிவாயிற்று. என் வண்டிக்கான நஷ்டஈட்டை நுகர்வோர் கோர்ட்டில் கேட்கலாம் என்று வழியும் சொன்னார். எல்லாம் காதில் விழுந்தது. மனசு மட்டும் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டது. ஸ்டேட்டஸ் ஒரு நாள்தான் நிற்கும். அவனோ அன்றைக்கே அழிக்கச் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையே என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ‘நாள் போனா மறந்துடுவாங்க’ என்று சொன்னபோது அது அவர் பையில்தான் இருந்தது. நான் குரூப்பில் பதில் எழுதத் தெரியாமல் தவித்தபோதும், ஆஸ்பத்திரி வாசலில் அழுதபோதும் அங்கேயேதான் இருந்தது.

வெளியே வந்து பைக் பக்கத்தில் நின்று கேட்டேன். “முந்தாநாளே பாத்துட்டியா நீ?” கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நீ என்று நான் கூப்பிட்டதில்லை.

“ம்” என்றார். “அவன் அவ்ளோ தூரம் போவ மாட்டான்னு நெனச்சேன் மதி.”

வீடு வரைக்கும் பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் தோளைத் தொடவில்லை. எனக்காக எடுத்து வைத்தாரா, எதற்காக எடுத்து வைத்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கப் பிடிக்கவில்லை.

நடந்ததை அன்றைக்குச் சாயங்காலமே குரூப்பில் எழுதினேன். சிலர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். ஒருத்தி, இந்த வருஷம் முடியும்வரை வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டோம், தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். வண்டியே இல்லாதவள் என்ன நினைக்க முடியும்? பூங்காவனம் அம்மாவுக்குப் போன் செய்து, நான் சம்மதிக்கவில்லை என்றேன். “செரி கண்ணு” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்தபோது அந்த வேறு வண்டி தெருவுக்குள் வந்தது. வேகத்தடையில் பிரேக்கை அப்படிப் போட்டு அழுத்தினான், பிள்ளைகள் எல்லாம் முன்னால் போய் விழுந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பிரியா என்னைப் பார்த்துவிட்டாள். கம்பிக்கு இடையில் மூஞ்சியை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“ஆன்ட்டி! நீங்க இடிக்கலன்னு எங்கம்மா சொல்லிச்சு!”

வேலைக்குக் கிளம்பி, பைக்கை உதைக்கக் காலைத் தூக்கிய என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான் வேன் திரும்பும் வரைக்கும் கையை ஆட்டிவிட்டு, கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனேன்.