சடகோபனின் சட்டி

1.
இந்தக் கதை என் பொய்யில் தொடங்கியது. பொய்கூட இல்லை, பாதி படித்த புத்தகம். (அது பொய்யைவிட மோசம்.)

2.
முதல் தொடக்கம்: "1975. மெல்பேர்ண் தெருக்களில் பனி மெல்ல..."

வேண்டாம். மெல்பேர்ண் தெருக்களில் பனி பெய்வதில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே குடியிருந்ததால் எனக்கு எந்த ஊரிலும் பனி பெய்யும்.

இரண்டாம் தொடக்கம்: என்னுடன் வீட்டைப் பகிர்ந்திருந்த சடகோபன் கும்பகோணத்துக்காரன், முட்டைகூடத் தொடாதவன். ஒரு ஜப்பானியக் கம்பெனியில் தற்காலிக எஞ்சினியர். அவன் வேலையை நிரந்தரமாக்குவதா, ஊருக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டிய மேலாளர் மொரிதா, அவனைச் சனிக்கிழமை விருந்துக்கு அழைத்திருந்தார்.

"மாமிசம் போடுவாளோடா?"

"பயப்பிடாதை. அவையள் புத்த சமயம். ஆயிரம் வருசமா மாடு தொடேல்லை. நான் வாசிச்சனான்."

"நிச்சயமா?"

"ஓம், ஓம்."

3.
[கட்டுரைப் பத்தி. விரும்பாதவர்கள் தாண்டலாம். நான் வாசிக்காததால்தான் இந்தக் கதையே வந்தது.] ஜப்பானில் மாட்டிறைச்சி நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் 1872இல் பேரரசரே அதைச் சாப்பிட்டதாகச் செய்தி பரப்பினார்கள். மேற்கத்தியர் போல மக்களுக்கும் உடம்பு தேற வேண்டுமாம். பிறகு சோயாவிலும் சீனியிலும் மாட்டிறைச்சி கொதிக்கும் சட்டி ஊரெங்கும் பரவியது. அதில் ஒருவகைதான் சுக்கியாக்கி. இவ்வளவும் புத்தகத்தின் பிற்பாதியில் இருந்தது. நான் அங்கே போகுமுன் தவணை முடிந்ததென்று நூலகத்தார் வாங்கிக்கொண்டார்கள்.

4.
(நான் அங்கே இல்லை. சடகோபன் சொன்னதை எழுதுகிறேன். பெரும்பாலும் என்னைத் திட்டினான், அதை விட்டுவிடுகிறேன்.)

மேசை நடுவில் அடுப்பு. மொரிதாவின் மனைவி வெள்ளைக் கட்டி ஒன்றைச் சூடான சட்டியில் தேய்த்தார். வெண்ணெய் என்று சடகோபன் மகிழ்ந்தான். மாட்டுக் கொழுப்பு. அடுத்து இறைச்சி, வெங்காயம், காளான். தொட்டுக்கொள்ள, அவன் கிண்ணத்தில் ஒரு பச்சை முட்டை.

அவன் கண்களில் ஆயிரம் ஆண்டுகளின் சோகம்...

(இல்லை. வேர்வைதான்.)

"எங்கள் வீட்டில் யாரும் இதைத் தொடமாட்டார்கள்" என்று அவன் ஆங்கிலத்தில் முனகினான்.

மொரிதா விழுந்து விழுந்து சிரித்தாராம். "என் தாத்தாவும் அப்படித்தான். வீட்டில் முதன்முதலாக மாடு சமைத்த அன்று சாமி மாடத்தைக் காகிதம் ஒட்டி மூடிவிட்டார். சாமி பார்க்கக் கூடாதே!" சொல்லிவிட்டுக் கரண்டியை அவன் பக்கம் நீட்டினார்.

5.
முடிவு அ: சடகோபன் எழுந்து வந்தான், வேலை போயிற்று. (பொய். பத்து நாளில் நிரந்தரக் கடிதம் வந்தது.)

முடிவு ஆ: வெறும் சோறு தின்றான், மொரிதா மதித்தார். (அழகான முடிவு. அதனால் சந்தேகமாக இருக்கிறது.)

கரண்டியை என்ன செய்தான் என்று எத்தனை முறை கேட்டும் அவன் சொல்லவில்லை.

முடிவு இ: கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் வீடு திரும்பினேன். குசினியில் சோயா வாசம். சடகோபன் அடுப்படியில் நின்றான். அலமாரியில் அவனுடைய பெருமாள் படத்தை நாலு பக்கமும் செய்தித்தாள் ஒட்டி மூடியிருந்தது.

"என்னடா இது?"

"தூசி விழறது."

"சட்டியில?"

"முட்டைக்கோஸ்."

"திறந்து பாக்கட்டோ?"

"நீ பாதியிலயே நிறுத்தற ஆசாமிதானே? இதையும் நிறுத்திக்கோ."

நிறுத்திக்கொண்டேன். பெருமாள் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மூடி உங்கள் பக்கம் இருக்கிறது. துணி வைத்துப் பிடியுங்கள், சுடும்.