தொதல் தின்னவில்லை

15.10.2024, செவ்வாய்

தவறு ஒன்று. வெள்ளிக்கிழமை செடி வாங்கும்போது அதன் பெயரை நான் கேட்கவில்லை. எழுதிப் பார்த்தால் சிறியதாகத்தான் தெரிகிறது. மருந்தாளர் மாலை வகுப்பில் எனக்கு இது இரண்டாம் வருடம். ஒரு மருந்துக் குளிசையைக் கையில் எடுத்தால் பெயரை இரண்டு முறை வாசிப்பேன். செடிக்கு அது தோன்றவில்லை.

என் அக்கா ரிஸ்லா ராத்தா கேட்டதால் வாங்கினேன். அவருடைய கணவர் ரிப்கான் மச்சான் மௌத்தாகி இன்று அறுபத்திரண்டாம் நாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடியும்வரை, நான்கு மாதமும் பத்து நாளும், ராத்தா கதவுக்கு வெளியே போவதில்லை. எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் அவருடைய அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் குழாய்களும்தான். "பச்சையா என்னமாவது ஒன்டு கொண்டு வா சஹ்லா" என்றார். இத்தனை நாளில் தனக்கென்று அவர் கேட்ட முதல் பொருள். காலி வீதி நடைபாதையில் விற்றவர் "ஹொந்த கஹக் நங்கி" என்று ஒன்றைத் தூக்கித் தந்தார். நல்ல செடியாம். அகன்ற இலை, நடுவில் பால் தெளித்ததுபோல் வெள்ளை. ஜன்னலடியில், தரையில் வைத்தேன். தரையில் என்பதையும் எழுதத்தான் வேண்டும். தரை தொதலுடையது.

தொதல், மச்சான் வளர்த்த முயல். தொதல் என்ற கரும்பழுப்பு இனிப்பின் நிறம் என்று அவர் வைத்த பெயர். ராத்தா இங்கே திரும்பி வந்தபோது இரண்டு பெட்டியும் ஒரு கூடும் வந்தன. "இந்த முசலயுமா?" என்று கேட்ட உம்மாதான் மறுநாள் கொத்தமல்லித் தண்டு நறுக்கிக்கொண்டு நின்றார்.

ஞாயிறு காலை தொதல் தட்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் இரண்டு தண்டு, அதையும் பாதியில் விட்டது. ராத்தா அதைத் தூக்கி மடியில் வைத்தார். "இதுக்கும் விளங்கிட்டு" என்றார். "அவர் இனி வரமாட்டார்னு." பிறகு அழுதார். மையித்தை அடக்கம் செய்ய எடுத்த நாளில்கூட அழாதவர். அன்று பின்னேரம் முழுவதும் மச்சானைப் பற்றி அதனிடம் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் எப்படித் தேநீரை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார் என்பதுவரை. கதவுக்கு வெளியே நின்று உம்மாவும் நானும் கேட்டோம். உம்மாவின் முகத்தில் ஓர் ஆறுதல். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உம்மா அதை ஃபோனில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டார். திங்கள் காலையே என் சின்னம்மா, கைருன்னிஸா சாச்சி கிராண்ட்பாஸிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். முயலைப் பார்க்கத்தான் வந்தார்.

"பாருங்க ராத்தா, வாயில்லா ஜீவன்" என்றார் உம்மாவிடம். "மாப்புளட தம்பிமார் மூணு நேரமும் நல்லாத் தின்னுறாங்க. இது பட்டினி கெடக்கு."

"மெதுவா செல்லு, அவளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. உண்மதானே."

உள்ளே ரிஸ்லா ராத்தா சிரித்தார். தொதலின் தாடை நனைந்திருந்தது. ராத்தாவின் கண்ணீர் விழுந்து நனைந்திருக்கிறது என்றார் சாச்சி. நானும் நம்பினேன்.

நேற்று மாலை வகுப்பில், வாய்ப் புண்ணோடு வருபவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பது பாடம். புதிதாக எதையாவது வாயில் போட்டீர்களா? தொதலின் நனைந்த தாடையும் ஜன்னலடிச் செடியும் நினைவுக்கு வந்தன. பஸ்ஸில் ஃபோனில் தேடினேன். இலையின் படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பெயர் டம் கேன். அதன் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் போன்ற படிகங்கள். கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும், எச்சில் வடியும். முயல் தின்னாமல் கிடந்தால் குடல் நின்றுபோகும், உயிருக்கு ஆபத்து என்றும் இருந்தது. வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கமாக இருந்த இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பிறை வடிவத்தில் மூன்று கடி.

சமையலறையில் நின்று யோசித்தேன். செடியில் பூச்சி என்று சொல்லி எடுத்துவிடலாம். முயலைச் சும்மா ஒருக்கால் மருத்துவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கொண்டு போகலாம். ராத்தாவுக்குத் துணையாக அழ ஒரு ஜீவன் இருந்தபடியே இருக்கும். உம்மாவிடம் கேட்டால் அதைத்தான் செய்யச் சொல்வார். அதனால் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல நினைத்தது ராத்தாவுக்காகவா, என் நெஞ்சு கனம் குறைவதற்காகவா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மருத்துவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: புதிதாக எதைத் தின்றது? அங்கே ஓர் உண்மையும், வீட்டில் ஒரு பொய்யும் என்று இரண்டை என்னால் நினைவில் வைத்திருக்க முடியாது.

ராத்தா கட்டிலில் இருந்தார். தொதல் மடியில். சொன்னேன்.

"அப்ப அவருக்காக இல்ல" என்றார்.

"இல்ல ராத்தா. வாய் எரியிது அதுக்கு. நான் கேக்காம வாங்கினது."

ராத்தா தொதலின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். என்னைத் திட்டினால் நல்லது என்று இருந்தது.

"ரெண்டு நாளா வாய் எரிஞ்சிக்கிட்டு ஈந்திருக்கு" என்றார் பிறகு. "நான் மடியில புடிச்சி வெச்சிக்கிட்டு கத சொல்லிக்கிட்டு ஈந்தன்."

இன்று காலை தெஹிவளைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் ஓட்டோவில் கொண்டுபோனேன். ராத்தா கூடையைக் கதவுவரை தூக்கி வந்து, நிலைக்கு உள்ளே நின்றபடி நீட்டினார். மருத்துவர் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். நாக்கின் ஓரம் சிவந்திருந்தது. குடல் சத்தம் குறைவு, ஆனால் இருக்கிறது என்றார். கரைத்து ஊட்ட ஒரு மாவும் ஊசியில்லாத சிரிஞ்சும் தந்தார். நாளை மத்தியானத்துக்குள் புழுக்கை போடாவிட்டால் திரும்பக் கொண்டு வரச் சொன்னார். பிழைக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னேரம் கட்டிலில் உட்கார்ந்து, முயலுக்கு ஆகும் செடிகள், ஆகாதவை என்று இரண்டு பட்டியல் போட்டேன். மணி பிளான்ட் ஆகாது, கற்றாழை ஆகாது. ஸ்பைடர் பிளான்ட் பரவாயில்லை. ராத்தா எட்டிப் பார்த்தார்.

"புதினா?"

"தின்னலாம்."

"துளசி?"

"அதுவும் தின்னலாம்."

"அப்ப தின்னக்கூடியதயே வை. அது தின்னட்டும். நான் பாத்துக்கிட்டு ஈக்கிறன்."

இப்போது மஃரிப் தொழுகைக்குப் பிறகு. டம் கேனை நியூஸ் பேப்பரில் சுற்றி வெளியே எடுத்தாயிற்று. தொதல் கூட்டின் மூலையில், கண் திறந்தபடி, மூக்கை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறது. தாடையை ராத்தா துணியால் துடைக்கிறார். சிறிது நேரத்தில் மறுபடியும் நனைகிறது. மறுபடியும் துடைக்கிறார். கதை சொல்லவில்லை.

நாளை: காலை ஆறு மணி, கரைத்த மாவு பத்து மில்லிலீற்றர். ராத்தா பிடிப்பார், நான் ஊட்டுவேன்.