குடிலுக்குச் சுரண்டிய பாசி

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுபவருக்கு: என் பெயர் சிரில். வயது இருபத்தொன்று. பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட் பக்கம், பிரேசர் டவுனில், பிரிஜெட் அக்கா வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறேன். இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல, உடன் தங்கியிருக்கும் நோயல் எழுதுகிறான். அம்மா பயப்பட வேண்டாம். நல்ல செய்திதான்.

கல்லூரியில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர்ச்சீட்டு எழுதுவது என் வேலை என்று முன்பே எழுதியிருந்தேன். எழுதாதது ஒன்று உண்டு. அது மூன்று மாதச் சோதனை வேலை. ஜனவரிக் கடைசியில் எங்கள் பேராசிரியர் கஸ்தூரிரங்கன் சார் வேண்டாம் என்றால் நான் திருப்பத்தூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். "மூணு மாசம்கூடத் தாங்க மாட்டே" என்று நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது நம் அலெக்சாண்டர் அண்ணன் சொன்னது தினமும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, நவம்பரில் இரண்டு செடிகளின் ஊர்ப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன். அன்றிலிருந்து நான் எழுதிய எந்தச் சீட்டையும் சார் நம்புவதில்லை.

டிசம்பரில் எங்கள் மாதா கோயிலின் கிறிஸ்மஸ் குடிலில் பரப்பப் பாசி கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடில் வேலைக்கெல்லாம் பிரிஜெட் அக்காதான் தலைவி. மார்க்கெட்டில் நீலகிரிப் பாசி மூட்டையாக விற்கும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"கோயில் பின்னாடி அவ்ளோ பெரிய மாமரத்தை வெச்சிக்கிட்டு சும்னே மார்க்கெட்டுக்கு ஓடணுமா? ஒரு பொட்டு விடாம சுரண்டுடா. போன வருசம் பெத்லகேம் மொட்டையா இருக்குன்னு ஊரே சிரிச்சிது."

ஏணி எட்டிய வரைக்கும் சுரண்டினேன். மரம் சவரம் செய்த முகம் போல ஆகிவிட்டது.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தோம். ஒட்டகப் பொம்மையின் காலடியில் ஒரு கொத்து மட்டும் வேறு மாதிரி இருந்தது. இலைகள் காய்ந்து நூல் போல முறுக்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் தெளித்ததும் விரிந்தன. காம்பு நுனியில் எள்ளை விடச் சிறிய கூடு, அதன் மேல் ஒரு தொப்பி, தொப்பி முழுக்க மஞ்சள் மயிர். அதே பாசியை நான் தாளில் ஒட்டியிருக்கிறேன். குடகு மலைக்காட்டு மரத்தில் எடுத்தது. பெங்களூர்ப் பக்கம் யாரும் பார்த்ததாக எங்கள் பதிவில் ஒரு வரிகூடக் கிடையாது.

மறுநாள் அதைச் சாரிடம் நீட்டினேன். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"அதேதான். எங்கே எடுத்தே?"

"எங்க கோயில் குடில்ல சார்."

"குடிலா? சரியாப் போச்சு. மார்க்கெட் மூட்டையில மலைலேர்ந்து வந்திருக்கும்."

"இல்ல சார், நானே எங்க மாமரத்துல சுரண்டினது."

"போன தடவையும் நீயேதான் சீட்டு எழுதினே." கண்ணாடியை மடித்து வைத்தார். "மரத்துல உசிரோட காட்டு. அப்பறம் பேசலாம்."

அன்று சாயங்காலமே அவரை அழைத்துப் போனேன். வெறும் பட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இருந்த சாட்சியை எல்லாம் நானே சுரண்டி ஆட்டுக்குட்டிகளுக்கு அடியில் பரப்பியிருந்தேன்.

"மொழுமொழுன்னு இருக்கேய்யா!" என்றார் சார்.

"நான்தான் சுரண்டச் சொன்னேன் சார்," என்றார் ஏணியோடு வந்திருந்த பிரிஜெட் அக்கா. "இவன் சோத்துப் பானையைக்கூட இவ்ளோ சுத்தமா சுரண்ட மாட்டான்."

அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் காகித நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கயிற்றைக் கட்டிய கிளைப்பிரிவு ஏணிக்கும் மேலே. அங்கே நான் சுரண்டவே இல்லை!

ஏணியில் ஏறி, அதற்கு மேல் மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறினேன். கிளைப்பிரிவில் ஒரு கை அகலத்துக்கு மெத்தையாக, பச்சையாக, நூறு மஞ்சள் தொப்பிகளோடு உட்கார்ந்திருந்தது.

"சார்! இருக்கு சார்! நிறைய இருக்கு!"

"தொடாதே! கையை எடு! நான் வரேன்!"

சார் செருப்பை உதறி, வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். அவருக்கு இடம் விட நான் நகர்ந்தேன். கால் வழுக்கியது. நட்சத்திரக் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிய, நட்சத்திரமும் நானும் ஒன்றாகத் தரையில் இறங்கினோம்.

"ஐயோ! என்ன ஆச்சு?" என்று அக்கா கத்தினார்.

"ஒண்ணும் ஆகல, பாசி பத்திரமா இருக்கு!" என்று மேலிருந்து சார் பதில் சொன்னார்.

அக்கா அவரைத் திட்டியதை நோயல் எழுத மறுக்கிறான். நட்சத்திரத்தை அங்கே கட்டியது தான்தான் என்பதை மட்டும் கட்டாயம் எழுதுவேன் என்கிறான். எழுதட்டும்.

இன்று காலை புதிய தாளுக்குச் சாரே சீட்டு எழுதினார். இடம்: பெங்களூர் தண்டு, மாமரம். கண்டெடுத்தவர்: சிரில். மை காய்ந்ததும் சொன்னார்:

"பிப்ரவரிலேர்ந்து நீ நிரந்தரம். கை ஆறினதும் வா. ஊர்ப் பேரை மட்டும் மாத்தாதே."

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு யார் படித்துக் காட்டினாலும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கிறிஸ்மஸுக்கு நம் ஊர்க் குடிலில் வைக்கோல் பரப்பச் சொல்லுங்கள். மரத்துப் பாசியை யாரும் சுரண்ட வேண்டாம்.