நுனியம்மாவின் வலது கை

நுனியம்மாவின் வலது கைக்கு இருபத்தெட்டோடு வயது நின்றுவிட்டது. அந்த வருடம் பால் விலை இரண்டு முறை ஏறியதால் வீட்டில் யாரும் உடனே கவனிக்கவில்லை. அவளுக்கு நாற்பது தாண்டி, இடது கையில் நரம்பு புடைத்துத் தோல் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் நாத்தனார் கண்ணில் பட்டது. "ஏன் அண்ணி, அந்தக் கைக்கு மட்டும் தனியா க்ரீம் வாங்கிப் பூசுறீங்களா? எனக்கும் பேரைச் சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். தனியார் பஸ் ஓட்டும் நுனியம்மாவின் கணவர், ஒரு கையைப் பிடித்தால் மற்றது கோபித்துக்கொள்ளுமோ என்று பயந்து, கடைக்குப் போகும்போது ஒன்றையும் திரும்பும்போது ஒன்றையும் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினார்.

தெரு அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் வேலையைப் பார்த்துத்தான். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணு இழைகள் இருக்கின்றன. அவற்றின் நுனிக்கு டெலோமியர் என்று பெயர். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்த நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்தால் முதுமை, தேயாவிட்டால் இளமை, வேறு ரகசியம் எதுவுமில்லை என்பது அவள் கொள்கை. அதை நிரூபிக்க ஊரில் பாதிப் பேரை ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரவழைத்து, சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி ரத்தம் எடுத்திருக்கிறாள். தன் கையை மட்டும் அதில் சேர்க்கவில்லை. "ஒரு கையை வச்சு ஊர் வயசை அளக்க முடியாது" என்பாள். ஆனாலும் மனசுக்குள், நாளைக்கு உலகமே மறுத்தாலும் இந்தக் கை தன் பக்கம் பேசும் என்ற கர்வம் அவளுக்கு இருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு நிபுணர் குழு ஒன்று வருவதாகத் தகவல் வந்தபோது இயக்குநர் அவளை அழைத்தார். குழு மயங்கிவிட்டால் அவள் பிரிவுக்குத் தனிக் கட்டடம் கிடைக்கும். "மேடம், இத்தனை வருஷமா வரைபடத்தையே காட்டிட்டோம். இந்தத் தடவை கையைக் காட்டுங்க." அளந்து பார்க்காமல் காட்ட மாட்டேன் என்றாள் அவள். வலது கை இடது கையிலிருந்து தோல் துணுக்கை அழகாக எடுத்தது. இடது கை பழக்கமில்லாமல் தடுமாறி, வலது கையைத் தேவைக்கு மேலேயே காயப்படுத்தியது. இரண்டு துணுக்குகளையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, எது எந்தக் கையின் குழாய் என்று தனக்கே தெரியாதபடி உதவியாளரைக் குறி மாற்றி ஒட்டச் சொல்லிவிட்டு அளந்தாள். இரண்டு குழாயிலும் நுனி ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தது. வேறு கருவியில் அளந்தாலும் அதே கதை. கை இளமையாகத்தான் இருந்தது, அதன் நுனிகளோ அவளைப் போலவே கிழடு தட்டியிருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கணவர்.

"என் கையே எனக்கு எதிரா சாட்சி சொல்லுதுங்க."

"பொய் சாட்சியா?"

"இல்லை. நிஜம்தான்."

"அப்புறம் என்ன? போய்ச் சொல்லிட்டு வா."

மறுநாள் இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார். "அளவை யார் கேட்டா மேடம்? கையைக் காட்டிட்டு உக்காந்துடுங்க." அவள் அசையவில்லை. "கையைக் காட்டினா அளவையும் காட்டணும் சார்."

காட்டினாள். குழுவின் முன்னால் மேஜை விளக்கடியில் இரண்டு கைகளையும் வைத்தாள். அளவுகளைப் படித்தாள். நுனி மட்டும்தான் காரணம் என்று வருஷக்கணக்காக நான் சொன்னது தப்பு, தப்பு என்பதற்கு ஆதாரம் இதோ என் தோளிலேயே தொங்குகிறது என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலை நரைத்த நிபுணர் அம்மாள் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப இந்தக் கைக்கு ஏன் வயசாகலை?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்று அவள் தலை நிமிர்ந்து சொன்னாள்.

கட்டடம் பக்கத்துப் பிரிவுக்குப் போயிற்று. ஆனால் அவள் அறிக்கை கடல் தாண்டிப் போயிற்று. தங்கள் கொள்கைக்கு ஒத்துவராத முடிவுகளை வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அவற்றை வெளியே எடுத்தார்கள். முதுமையைப் பற்றி யார் புதுக் கொள்கை சொன்னாலும், முதலில் அந்த அம்மாவின் கைக்குப் பதில் சொல்லு என்பது அந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது. நாத்தனார் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "உங்க வீட்டுல யாராவது சபையில நின்னு, நான் சொன்னது தப்புன்னு தானே நிரூபிச்சிருக்காங்களா? எங்க அண்ணி நிரூபிச்சாங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போவது போலச் சொல்லிவந்தாள்.

நுனியம்மாவுக்கு ஓய்வு வயது வந்தபோது நிர்வாகம் கூடிப் பேசி, அதிகம் குழம்பாமல் ஒரு முடிவுக்கு வந்தது. கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை, வலது கைக்கு ஓய்வு வயதும் ஆகவில்லை. ஆகவே கை வழக்கம்போல் வேலைக்கு வர வேண்டும், மற்ற உடம்பு துணைக்கு வந்து போகலாம். மறுநாள் காலை அவள் கணவரின் பஸ்ஸிலேயே ஏறி, கம்பியை இளங்கையால் பிடித்துக்கொண்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.