முன்னால் போனவர்

மகள் கட்டிலில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக்கையில் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. தலைவர் வந்துவிட்டார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலைவர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அப்பா முந்திப் போவார். மைக்கைத் தட்டுவார், நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார், தண்ணீரை ஒரு வாய் குடிப்பார். திரும்பி வந்து, "எல்லாம் சரியா இருக்குங்க, வாங்க" என்ற பிறகே தலைவர் காரை விட்டு இறங்குவார். அப்படிப்பட்ட அப்பாவைத்தான் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக நிற்கச் சொன்னது. "அவர் இருக்கும்போது நானா?" என்று ஒதுங்கிக்கொண்டார். தலைவர் நின்றார், தோற்றார். அம்மா அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தி, பேசாமலே போய்ச் சேர்ந்தாள்.

கட்டிலருகே நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. தூசு துடைத்திருந்தது. யார் போட்டது என்று மகளுக்குத் தெரியாது; அவள் அதைத் தொடவேயில்லை. தலைவர் பழக்கம்போல அதில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நிக்க மாட்டேன்னு நான் சொல்லச் சொல்லலம்மா. அவனாத்தான் சொன்னான்."

"தெரியும்."

கதவோரம் நின்ற அத்தை விடவில்லை. "பொண்ணு கல்யாணத்துக்கே உங்களக் கேட்டுட்டுத்தான் வந்தான் என் தம்பி. சாகறதுக்கு மட்டும் கேக்காம போயிட்டான்."

தலைவர் மகளைப் பார்த்தார். "கடைசியா ஏதாச்சும் சொன்னானா?"

சொன்னார். மகளிடம்தான் சொன்னார், ஆனால் மகளுக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. இதையாவது இந்த மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்று விடிந்ததிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்தாள். இப்போது கொடுத்துவிடத் தோன்றியது.

"'நான் முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்து கூப்பிடறேன்னு அவர்கிட்ட சொல்லிடு'ன்னாரு."

தலைவரின் கை மெல்ல விலகியது.

"வந்து கூப்பிடறேன்னா சொன்னான்?"

"ஆமா."

"சொன்னா செஞ்சிடுவானேம்மா அவன்."

"செஞ்சிடுவாரு" என்றாள் மகள். அடுத்த கைக்குப் பொத்தான் போடத் தொடங்கினாள்.

தலைவர் எழுந்து, கட்டிலுக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினார்.

ஜன்னல் வழியாக மகள் பார்த்தாள். டிரைவர் பின்கதவைத் திறந்தான். தலைவர் ஏறி உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, நகர்ந்து அந்தப் பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டார். டிரைவர் கதவைச் சாத்தாமல், யாரோ ஏற வழி விடுவதுபோல் கொஞ்சம் ஒதுங்கி நின்றான். அப்புறம் மெதுவாகச் சாத்தினான்.