பதினாலு மணி இருபது நிமிஷம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை.

வேறொரு கதைக்காக, எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் ஒன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்க டிக்கெட் ஆபீஸுக்கு போன் போட்டேன்.

"பன்னிரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் சார். பதினாலு மணி இருபது நிமிஷம் ஆகும். கொஞ்சம் லைன்ல இருங்க" என்ற அந்தப் பெண், ரிசீவரை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு இன்னொரு போனை எடுத்தாள்.

என் காதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

2

'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் அவள்—'

வேண்டாம். காலை பதினொரு மணி, கொளுத்தும் வெயில்.

பத்து வருஷமாக ஊரையே விமானம் ஏற்றி அனுப்பியவள், ஒருதடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. (இது என் சபலம். அடித்துவிடுங்கள்.)

"சொல்லுங்க, எங்க போகணும்?" என்றவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். "அக்காவா? நாலு வருஷம் கழிச்சு ஆபீஸ் நம்பர்தான் கிடைச்சுதா உனக்கு?"

3

அக்கா பேசியது எனக்குக் கேட்கவில்லை. இட்டுக்கட்டினேன்: "வீட்டுக்குப் பண்ணா வெச்சிடுவே. கஸ்டமர்னா வெக்க முடியாதில்ல?"

(இவ்வளவு சாமர்த்தியக்காரி நாலு வருஷம் தங்கையோடு பேசாமல் இருப்பாளா? இருப்பாள். அதற்குத்தான் சாமர்த்தியம் நிறைய வேண்டும்.)

தங்கை சொன்னதில் நான் கை வைக்கவில்லை.

"அம்மா போன அன்னிக்கு டிக்கெட்டே கிடைக்கலன்னு சொன்னே. நான் என்ன வேலை பார்க்கறேன்னு மறந்துட்டியா? எல்லாம் முடிஞ்சு ஆபீஸ் வந்ததும் முதல் வேலையா அதைத்தான் பார்த்தேன். பதினோரு சீட் காலிக்கா."

அந்தப் பக்கம் அக்கா ஏதோ நீளமாகச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு, குரல் உடைந்து, "இதை ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?" என்றாள் தங்கை.

எதை? பயம், புருஷன், பாஸ்போர்ட் என்று மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். மோனை பார்த்து மனிதர்கள் தப்புச் செய்வதில்லை என்பதால் மூன்றையும் கைவிட்டேன்.

4

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆபீஸ் குரலுக்குத் திரும்பினாள். "நடுவுல மாறி ஏறினா விலை பாதி. ஆனா ஒரு நாளுக்கு மேல ஆகும்… வேண்டாம், நேரா வர்றதே போடறேன். பத்தொன்பதாம் தேதி சரியா?"

சரிதான் போலிருக்கிறது. விசைப்பலகை தடதடத்தது.

"ரிட்டர்ன் எப்போ? இல்ல… ஒன்வேயா?"

தினமும் நாற்பது பேரிடம் கேட்கும் கேள்விதான். ஆனால் இந்தத் தடவை கேட்டுவிட்டு, பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். டக். டக். டக்.

எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

"சார்! நீங்க இன்னும் லைன்லயா இருக்கீங்க?"

மானஸ்தன் என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்பான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே அக்காவின் பதில் என்னிடம் இல்லை. இவ்வளவு நேரம் மூச்சுக்காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்த நீங்களாவது தும்மாமல் இருந்தீர்களே, சொல்லுங்கள்: அவள் என்ன தேதி சொன்னாள்? சொன்னாளா?